எத்தனை மணிக்கு மாட்டினார்?

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரைக்கு ஊட்டி பஸ்ஸில் ஏறினேன். ஜூலை மாதத்து மேகம் மலையின் பாதியை மூடியிருந்தது. கல்லாறு தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிட்டன. பர்லியாறில் டீக்கு நிறுத்தினார்கள். டீ 15 ரூபாய். பக்கத்துக் கடையில் மங்குஸ்தான் கிலோ 350 என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் ஏறினால் மரப்பாலம். 2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசி மாவட்டம் கடையம் பகுதியிலிருந்து சுற்றுலா வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் பஸ் இங்கேதான் பள்ளத்தில் உருண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தடுப்புச் சுவருக்கு அப்பால் மரங்களின் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. அந்தச் சரிவில் இறங்கி, நசுங்கிய தகரத்துக்குள்ளிருந்து ஓர் ஆளை எடுத்து மேலே கொண்டுவர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

அந்தக் கணக்குக்காகத்தான் கிளம்பி வந்திருந்தேன். நீலகிரியில் ஓர் ஆள் நசுங்குவதற்கு வழி நிறைய இருக்கிறது. மண் சரியும், மரம் சாயும், வண்டி உருளும், தேயிலை ஆலையில் உருளை கையை இழுக்கும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை மிதிக்கும். 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவுகளில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு வெளியே எடுத்துவிட்டால் ஆள் பிழைத்தமாதிரிதான் என்று நாம் நினைக்கிறோம். எடுத்த பிறகு என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எதைப் பார்க்கிறார், எங்கே தொடுகிறார், என்ன கேட்கிறார்? கூடவே நின்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

குன்னூரில் இறங்கினேன். தெரிந்தவர் ஒருவர் மூலம், ஊருக்கு வெளியே ஒரு தேயிலை ஆலைக்குள் போக அனுமதி கிடைத்திருந்தது. ஆட்டோ 150 ரூபாய். உள்ளே நுழைந்ததும் பச்சை இலை வாடும் வாசம் மூக்கை நிறைத்தது. வாட்டும் தொட்டிகளைத் தாண்டி சி.டி.சி. மெஷின் வரிசை. பற்கள் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று மெதுவாக, இன்னொன்று அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாக. நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு தாள் நுழைவதே சந்தேகம். இலை உள்ளே போவதைத்தான் பார்க்க முடிகிறது, அரைபடுவதைக் கண் பிடிப்பதில்லை. மறுபக்கம் பச்சைத் தூளாக விழுகிறது.

"இங்க விபத்துன்னு எதுவும் நடந்ததே இல்லை சார்" என்றார் கூட வந்த மேற்பார்வையாளர். அவர் அப்படிச் சொல்லும்போது, மெஷினுக்கு அந்தப் பக்கம் இலையைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவரின் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றிருந்தன. டீ இடைவேளையில் அவரிடம் போய்ப் பேசினேன். வேறொரு ஆலையில் நடந்தது, ரொம்ப வருஷம் ஆச்சு என்றார்.

"கையை இழுத்துக்கிச்சு. பதறிப்போய் ஒருத்தன் மெஷினைத் திருப்பி ஓட்டுடான்னு கத்துறான். திருப்பி ஓட்டியிருந்தா மிச்ச விரலும் போயிருக்கும். சுவிட்சை அணைச்சு, உருளையைக் கழட்டித்தான் எடுக்கணும்."

"எவ்வளவு நேரம் மாட்டியிருந்தீங்க ஐயா?"

"யாருக்குத் தெரியும்? ஸ்பேனரைத் தேடி எடுத்துட்டு வர்ற வரைக்கும்."

இந்தப் பதிலை அடுத்தடுத்த இடங்களிலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

குன்னூரிலிருந்து ஊட்டி 18 கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாரண பஸ். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். லவ்டேல் ஜங்ஷனில் இறங்கி, காந்தி நகருக்கு வழி விசாரித்து நடந்தேன். 2024 பிப்ரவரி 7 அன்று அங்கே தடுப்புச் சுவர் கட்டுவதற்காகக் கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேட்டில் இருந்த கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சேர்ந்து சரிந்தது. வேலையில் இருந்த ஆறு பெண்கள் இறந்தார்கள்.

சரிவில் வீடுகள் படிப்படியாக ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்குச் சிமெண்ட் படிகள். மண் செம்பழுப்பு நிறம், மழையில் ஊறி விரலால் அழுத்தினால் குழிகிறது. கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது அதன் கனம் ஆச்சரியமாக இருந்தது. இந்த மாவட்டத்தில் சரிவுகளில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதனால் இங்கே பெரும்பாலும் மண்வெட்டியும் சட்டியும்தான், பிடிப்பவை மனிதக் கைகள்தான். மண்ணுக்குள் கழுத்துவரை போனவருக்கு முதல் எதிரி மூச்சு. நெஞ்சைச் சுற்றி மண் இறுகிவிட்டால் மூச்சை வெளியே விடலாம், திரும்ப இழுக்க முடியாது. முகமும் கழுத்தும் நீலம் பாரித்து, கண்வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தால் நெஞ்சு நெருக்கப்பட்டதற்கு அது அடையாளம். அப்படிப்பட்டவருக்கு நேரம் காலம் எதுவும் பார்க்கக் கூடாது. நெஞ்சுக்கு மேல் இருக்கும் மண் அந்த நிமிஷமே போக வேண்டும். கால் மட்டும் மாட்டிக்கொண்டவருடைய கதை வேறு. அதைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரி போனேன்.

ஊட்டியில் 2025 ஏப்ரல் 6 அன்று 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரிய காயம் என்றாலே கோயம்புத்தூர்தான். 86 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் மலைப்பாதை. இந்த மாவட்டத்தில் அரசு, தனியார், எஸ்டேட் என்று சின்னதும் பெரிதுமாக ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நான் நின்று பார்த்தது எது என்று எழுதவில்லை. நோயாளியை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பது அங்கிருந்தவர்கள் வைத்த நிபந்தனை. நியாயமான நிபந்தனை.

அவசரப் பிரிவில் பொறுப்பு நர்ஸ் கோத்தகிரிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தார். "ஓரமா நில்லுங்க. எதையும் தொடாதீங்க. சந்தேகத்தை எல்லாம் அப்புறம் கேளுங்க" என்றார். மத்தியானம் இரண்டரைக்கு 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

குந்தா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நிழல் மரம் கழித்துக்கொண்டிருந்தவர். நாற்பது வயது இருக்கும். சில்வர் ஓக் துண்டு ஒன்று இடது முழங்காலுக்குக் கீழே விழுந்து அழுத்திவிட்டது. ஆள் தெளிவாகப் பேசினார், தண்ணீர் கேட்டார், கூட வந்த தம்பியிடம் தன் மொபைல் எங்கே என்று விசாரித்தார். காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ரத்தமே இல்லை. 'இதற்கா இவ்வளவு பரபரப்பு' என்று எனக்கே தோன்றியது.

எல்லோர் கண்ணும் காலில் இருந்தது. நர்ஸின் கண் மட்டும் நெஞ்சில் இருந்தது. மூச்சு ஏறி இறங்குவதை எண்ணினார், விரலில் ஆக்ஸிஜன் கிளிப்பை மாட்டினார், ரத்த அழுத்தம் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், இடுப்பெலும்பில் கை வைத்தார். அதற்குப் பிறகுதான் கால். பேன்ட்டைக் கழற்றவில்லை, கத்தரியால் மேலிருந்து கீழாக வெட்டித் திறந்தார். வெள்ளி அரைஞாணையும் வெட்டி எடுத்து, ஒரு கர்சீப்பில் முடிந்து தம்பி கையில் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினார். வீக்கம் ஏறினால் மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாம் சதையில் இறுகிப்போகும். மெட்டியைக் கழற்ற விடமாட்டேன் என்று அழுகிற பெண்கள் உண்டாம். "அழுதாலும் கழட்டிடுவேன். கால் இருந்தாத்தானே மெட்டி" என்றார்.

பிறகு அந்தக் கேள்வி. "எத்தனை மணிக்கு மாட்டினார்?"

"ஒரு அரை மணி நேரம் இருக்கும் சிஸ்டர்" என்றார் தம்பி. 108 ஊழியரின் தாளிலும் அரை மணி என்றுதான் இருந்தது, அவரும் தம்பியிடம் கேட்டு எழுதியதுதான். நர்ஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "முதல்ல யாருக்குப் போன் பண்ணுனீங்க? எடுத்துக் காட்டுங்க." தம்பி மொபைலைத் தடவி எடுத்தார். மேஸ்திரிக்குப் போன முதல் அழைப்பு 10.12. "வெளிய எடுத்தப்ப யாராவது போட்டோ எடுத்தாங்களா?" எடுத்திருந்தார்கள். மரத்தை நாலு பேர் புரட்டுகிற படம். நேரம் 11.55. அரை மணி என்பது ஒன்றே முக்கால் மணி நேரமாக மாறியது. 108 தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததே 12.20-க்கு. ஆக, சலைன் ஏறுவதற்கு முன்பே மரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் முதல் வரியாக அந்த மூன்று நேரங்களையும் எழுதி அடிக்கோடிட்டார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அப்புறம் கேட்டேன். கனமான ஒன்று தசையை அழுத்திக்கொண்டே இருந்தால், ரத்தம் போகாமல் அந்தத் தசை சாக ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரம் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும், நாலைந்து மணி நேரம் என்றால் ஆபத்து பல மடங்கு. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் தசைப் புரதமும் கசிந்து அங்கேயே தேங்கி நிற்கின்றன. மரம் மேலே இருக்கும்வரை அவை அங்கேயே கிடக்கும். மரத்தை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து, தேங்கியதை எல்லாம் மொத்தமாக இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அள்ளிக்கொண்டு போகிறது. பேசிக்கொண்டிருந்த ஆள் எடுத்த சில நிமிஷங்களில் இதயம் நின்று விழுவது இதனால்தான். அதனால்தான், மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தால், மாட்டியிருக்கும்போதே நரம்பில் ஊசி போட்டு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் சாதா சலைனை ஏற்றிவிட்டு, அப்புறம் பாரத்தைத் தூக்கச் சொல்கிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1941-ல் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், இடிபாட்டில் கால் மாட்டி மீட்கப்பட்டவர்கள் முதலில் நன்றாக இருந்து, சில நாளில் சிறுநீர் நின்று இறந்துபோவதை பைவாட்டர்ஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாவும் கவனித்து எழுதினார்கள். அதற்கு முன்பே 1923-ல் ஜப்பானிய டாக்டர் மினாமி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த மூன்று மணி நேரத்தில் நான் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கையிலும் சலைன் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி. சலைன் பைகளை அலமாரியில் சூடுபடுத்தி வைத்திருந்தார்கள். வெளியே 14 டிகிரி. நனைந்து நடுங்கி வருகிற ஆளுக்குக் குளிர்ந்த சலைனை ஏற்றினால் உடம்பு இன்னும் ஒடுங்கும், ரத்தம் உறைவதும் கெடும். பொதுவாக விபத்துக்கு ஏற்றுகிற ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) இங்கே வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் போட்டார்கள். முதலில் வந்தது பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். தாளில் ஓர் அலை ஊசி மாதிரி உயர்ந்து நின்றதை நர்ஸ் விரல் வைத்துக் காட்டினார். ரத்த அறிக்கையில் பொட்டாசியம் 6.4. சாதாரணமாக 5-க்குள் இருக்க வேண்டியது. அதைச் சமாளிக்கக் கால்சியம் குளுக்கோனேட் மெதுவாக ஏறியது, குளுக்கோஸோடு இன்சுலின், மூக்கில் சால்புடமால் புகை. இன்சுலின் போட்டதற்காக விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"வழியில வலிக்கு ஊசி எதாவது போட்டாங்களா?" என்று தம்பியிடம் இன்னொரு முறை கேட்டார். டிக்ளோஃபினாக் மாதிரியான வலி மருந்துகள் அடிபட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். போடவில்லை என்று தெரிந்ததும் ஒரு டிக் அடித்தார்.

நாலு மணிக்கு அம்மா வந்து சேர்ந்தார். கையில் பை. அதில் இரண்டு இளநீர், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாமெல்லாம் வாங்கிப்போவதுதான். நர்ஸ் பையை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தார். "அம்மா, இது மூணுமே இப்ப உங்க பையனுக்கு விஷம். நீங்க சாப்பிடுங்க, அவருக்குக் குடுக்காதீங்க." மூன்றிலுமே பொட்டாசியம் நிறைய. அம்மா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகன் காலுக்கடியில் கம்பளியை மடித்து உயரமாக வைத்தார். வீக்கம் வடியட்டும் என்று எந்தத் தாயும் செய்வதுதான். நர்ஸ் வந்து அதையும் உருவினார். காலை உயர்த்தினால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் தசைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். இதயம் இருக்கிற மட்டத்திலேயே கால் இருக்க வேண்டும். ஐஸும் கூடாது, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டவும் கூடாது.

பார்க்கும்போது ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு காரியம்தான் அன்று அந்தக் காலைக் காப்பாற்றியது. வந்தவுடனே கெண்டைக்காலில் ஓரிடத்தில் பேனாவால் கோடு போட்டு, தையல்காரர் டேப்பால் சுற்றளவு எடுத்து எழுதியிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை அதே கோட்டில் டேப். 34, 35, 36½ சென்டிமீட்டர். ஒவ்வொரு தடவையும் பாதத்தின் மேல் நாடி, நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்ற சோதனை, கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பஞ்சால் தொட்டு "தெரியுதா அண்ணா?" என்ற கேள்வி, கடைசியாகக் கால்விரல்களை மெதுவாக மேல்நோக்கி மடக்குவது. நாலரைக்குச் செய்தபோது அவர் முகம் சுளித்தார். ஐந்து மணிக்குக் கத்தினார். அந்த அலறல் வராந்தாவரை கேட்டது. பலமான வலி ஊசி ஏற்கெனவே போட்டிருந்தார்கள். விரலிடுக்கில் பஞ்சு படுவது தெரியவில்லை என்றார். கெண்டைக்கால் பலகை மாதிரி இறுகி, தோல் மினுமினுத்தது.

பயிற்சிக்கு வந்திருந்த சின்னப் பெண் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல்ஸ் நல்லா இருக்கே சிஸ்டர்" என்றாள். அவர் ஏற்கெனவே போனில் எலும்பு டாக்டரை அழைத்துக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பல்ஸ் இருக்குன்னு உட்கார்ந்திருந்தா கால் போயிடும்மா. பல்ஸ் கடைசியாத்தான் போகும்."

தசையைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்க வீங்க, சின்ன ரத்தக் குழாய்கள்தான் முதலில் அடைபடும், பெரிய நாடி ஓடிக்கொண்டேதான் இருக்கும். டாக்டர் வந்து பார்த்தார். ஆறு மணிக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் உறையைக் கீறித் திறந்துவிட்டார்கள். தையல் போடாமல் ஈரத்துணி சுற்றிய காலோடு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அம்மா அதைப் பார்த்து மயங்கி உட்கார்ந்தார். அவருக்கு கேண்டீனில் பத்து ரூபாய்க்குச் சுடுதண்ணீரும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பப் போனேன். டியூட்டி மாறும் நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரத் தாங்கியில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி மணி எழுதியிருந்தது. இரவு நர்ஸ் ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் சிறுநீரை எடுத்து வைத்திருக்கிறார். இடது ஓரத்தில் கரும்பழுப்பு, நடுவில் தேன் நிறம், வலது கடைசியில் வெளிறிய வைக்கோல் நிறம். மணிக்கு 200-லிருந்து 300 மி.லி. போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சலைனைக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். அதிகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோர்க்கும், அதனால் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து மூச்சையும் கேட்டிருக்கிறார்கள். சிறுநீர் இறங்காமலே போயிருந்தால் சலைனை நிறுத்திவிட்டு டயாலிசிஸ்தான். பொட்டாசியம் 4.8-க்கு இறங்கியிருந்தது.

"சார், எனக்கு எத்தனை நாள் கூலி போகும்?" என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-லிருந்து தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. மரம் விழுந்தவருக்கு அது பொருந்தாது, காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். தம்பி அதற்காக ஊருக்குப் போயிருந்தார்.

அங்கிருந்து கூடலூர் பஸ் பிடித்தேன். 50 கிலோமீட்டர். பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவட்டம் தாண்டி ஓரிடத்தில் ரோட்டில் விழுந்திருந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு நிமிஷம் பஸ் நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு 108 வந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

கூடலூருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. பாலம் போய்விட்டது. அக்கரையில் காயம்பட்டவர்கள். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் தொங்கிப் போக ஆண் நர்ஸ்களைத் தேடியபோது, நான் போகிறேன் என்று மருந்துப் பையோடு போனவர் கூடலூர் தனியார் மருத்துவமனை ஒன்றின் நர்ஸ் சபீனா. அன்று அக்கரையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலுதவி செய்தார். அந்த ஆகஸ்ட் 15 அன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ராணுவம் இரும்புப் பாலம் போட்டு முடித்தது ஆகஸ்ட் 1-ஆம் தேதி. நடுவில் இருந்த அந்த மணி நேரங்களில் அக்கரைக்கு ஒரு நர்ஸ் போய்ச் சேர்ந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, முந்தின நாள் அந்த டேப்பையும் பஞ்சையும் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கூடலூர் பஸ் நிலையத்தில் ஒரு ஜீப் டிரைவர். யானை மிதித்தவர்களை ஏற்றிப் போயிருக்கிறார். "வெளிய காயமே இருக்காதுங்க. பேசிட்டே வருவாங்க." எத்தனை மணிக்கு மிதித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களா என்றேன். "கேட்டாங்க. விடிகாலைன்னு சொன்னோம்" என்றார்.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மண்ணிலோ, மரத்துக்கடியிலோ, மெஷினிலோ ஒருவர் மாட்டியிருப்பதைப் பார்த்தால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். முகமோ நெஞ்சோ அமுங்கியிருந்தால் காத்திருக்காமல் உடனே விடுவியுங்கள். கை கால் மட்டும் மாட்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்றால், சலைன் ஏற்றும்வரை பொறுத்துப் பாரத்தைத் தூக்குங்கள். தீ நெருங்குகிறது, மேலே இன்னும் மண் சரிகிறது என்றால் பொறுக்க வேண்டாம். இளநீர் கொடுக்காதீர்கள். எது நடந்தாலும் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீர்கள் என்ற இரண்டையும் பேனாவால் அவர் கையிலேயே எழுதி அனுப்புங்கள்.